16 மாத நர்சிங் மாஸ்டர்ஸ்: படிப்புக்கு நாலு ஸ்டார், பில்லுக்கு ஒன்றரை

வேறு துறையில் டிகிரி வாங்கியவர்களை 16 மாதத்தில் நர்ஸாக்கி, கையில் மாஸ்டர்ஸ் பட்டமும் கொடுத்து அனுப்பும் படிப்பு ஒன்றை போன டிசம்பரில் முடித்தேன். கல்லூரியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி, அவ்வளவு போதும். எங்கள் வாட்ஸப் குழுவில் மாதம் ஒருத்தராவது "அக்கா, அந்தக் கோர்ஸ் எப்படி?" என்று கேட்கிறார்கள், தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டுத் தொண்டை வறண்டுவிட்டதால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் கோவையில் இ.சி.இ. படித்தவள். ஆறு வருடம் டெஸ்டிங் வேலை, அப்புறம் கல்யாணம், கணவரின் வேலை விசாவோடு ஒட்டி வரும் எச்4 விசா, இரண்டு குழந்தைகள், கடைசியில் கிரீன் கார்டு. 36 வயதில் நர்சிங் என்றதும் அம்மா போனில் என்ன சொன்னார் என்பதை விட்டுவிடலாம்.

முதலில் ஒன்று. 16 மாதம் என்பது உள்ளே நுழைந்த பிறகு எண்ணும் கணக்கு. நுழைவதற்கே எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. லேபோடு அனாடமி பிசியாலஜி இரண்டு பாகம், லேபோடு மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஸ்டாடிஸ்டிக்ஸ், நியூட்ரிஷன், குழந்தையிலிருந்து முதுமை வரைக்குமான வளர்ச்சி உளவியல், இவ்வளவும் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும், அதுவும் சமீபத்தில். நான் பார்த்த கல்லூரிகளில் சில அறிவியல் பாடங்களுக்கு ஐந்து வருடம், சில ஏழு வருடம் என்று வரம்பு வைத்திருந்தன, அதனால் நான் முதல் வருடத்தில் படித்த இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பாக எடுத்தேன். இந்தக் கதை முழுவதிலும் நான் பணத்தில் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். அதே பாடங்களை அந்தத் தனியார் கல்லூரியே ஆன்லைனில் பல மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது.

அடுத்தது நம் ஊர் டிகிரியை மதிப்பிடும் வேலை. டபிள்யூ.இ.எஸ். மாதிரியான அமைப்பின் பாடவாரியான மதிப்பீடு கேட்பார்கள், அதற்கு நாம் படித்த பல்கலைக்கழகத்திலிருந்தே டிரான்ஸ்கிரிப்ட் சீல் வைத்த கவரில் போக வேண்டும். எழுபது தாண்டிய அப்பா பஸ் ஏறி நான்கு தடவை போய் வந்தார். மூன்று தடவை "அடுத்த வாரம் வாங்க சார்." நாலாவது தடவை கவர் கொடுத்தார்கள், ஆனால் ஒட்டிய மடிப்பின் மேல் சீல் இல்லை. பாதி சீல் மடிப்பிலும் பாதி கவரிலும் விழ வேண்டும் என்று நான் இங்கிருந்து பேப்பரில் படம் வரைந்து வாட்ஸப்பில் அனுப்ப, அப்பா அதைக் கவுன்டரில் காட்டி வாங்கி வந்தார். ஊரில் இதற்கு ஆள் இல்லாதவர்கள் விண்ணப்பிக்கும் வருடத்துக்கு முந்தைய வருடமே ஆரம்பித்துவிடுங்கள்.

விண்ணப்பம் பல கல்லூரிகளுக்கு நர்சிங்காஸ் என்ற பொதுத் தளம் வழியாகத்தான். முதல் கல்லூரிக்குக் கட்டணம் அதிகம், அடுத்தடுத்தவற்றுக்குக் கொஞ்சம் குறையும். தளம் தெளிவாகவே இருக்கிறது, தப்பு செய்தது நான்: தியரியையும் லேபையும் ஒரே வரியில் போட்டுவிட்டேன், திருத்துவதற்குள் இரண்டு வாரம் போனது. சில கல்லூரிகள் டீஸ் என்ற நுழைவுத் தேர்வும் கேட்கும். 170 கேள்வி, மூன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, கணக்கெல்லாம் நம் ஆட்களுக்கு ஒன்பதாம் வகுப்பு அளவுதான். கட்டுரைதான் சிரமம். ஆஸ்பத்திரியில் பாட்டியின் கையைப் பிடித்தபடி நின்ற ஒரு நர்ஸைப் பார்த்து மனசு மாறியதாக எல்லோரும் எழுதுவார்கள், நானும் எழுதினேன். என் விஷயத்தில் அது உண்மை என்பதால் எடுக்க மனசு வரவில்லை.

ஐந்து இடத்துக்குப் போட்டேன், இரண்டில் கிடைத்தது. கடிதம் வந்த பத்து நாளில் 1,000 டாலர் டெபாசிட், திரும்பக் கிடைக்காது. அப்புறம் பின்னணிச் சோதனை, போதைமருந்துச் சோதனை, தடுப்பூசி ரத்தச் சோதனைகள். இதில் நமக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. சின்ன வயதில் பி.சி.ஜி. போட்டவர்களுக்குக் காசநோய்க்கான தோல் ஊசிச் சோதனையில் கை வீங்கலாம், நோய் இல்லாவிட்டாலும். எனக்கு எட்டணா அளவுக்குத் தடித்துச் சிவந்தது, கிளினிக்கில் இருந்த பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்தே போய்விட்டார். எக்ஸ்ரே, மறுபடி அப்பாயின்ட்மென்ட், ஓரியன்டேஷன் வேறு நெருங்குகிறது. முதலிலேயே குவாண்டிஃபெரான் ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பி.சி.ஜி. அதைக் குழப்பாது.

சரி, பணம். என் கல்லூரியில் டியூஷன் மட்டும் 78,000 டாலர். இன்ஷூரன்ஸ், டெஸ்ட் பேக்கேஜ், "டெக்னாலஜி கட்டணம்" என்று சில்லறைகள் சேர்ந்து இன்னும் 6,000. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாரம் இரண்டு நாள் 12 மணி நேர கிளினிக்கல் (ஆஸ்பத்திரிப் பயிற்சி), மீதி நாள் வகுப்பு, முடியாது. ஆக வீட்டில் ஒரு சம்பளம்தான்.

அமெரிக்க அரசின் கல்விக் கடன் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு, எச்4 விசாவில் கிடையாது. என் தோழி ஒருத்தி எச்4, மார்க்கில் என்னை விட மேல். தனியார் கடனுக்கு இங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், யாரிடம் போய்க் கேட்பது என்று அவள் அந்த யோசனையையே மூடி வைத்துவிட்டாள்.

நான் வாங்கியதைச் சொல்கிறேன். மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு டைரக்ட் அன்சப்சிடைஸ்டு லோன், அதாவது படிக்கும்போதே வட்டி ஏறும் அரசுக் கடன், வருடத்துக்கு 20,500 டாலர் வரைக்கும், 2024-25க்கு வட்டி 8.08 சதவீதம். அது போதாதென்றால் கிராட் பிளஸ் என்ற இன்னொரு அரசுக் கடன், 9.08 சதவீதம். வட்டியை எல்லோரும் பார்ப்பார்கள், பிடித்தத்தை யாரும் பார்ப்பதில்லை: கிராட் பிளஸில் 4.228 சதவீதத்தை எடுத்துக்கொண்டுதான் தருவார்கள். 30,000 எழுதிக் கொடுத்தேன், கல்லூரிக் கணக்கில் வந்து விழுந்தது 28,731 சொச்சம். அந்த 1,268 டாலர் பாக்கிக்காக என் ரெஜிஸ்ட்ரேஷனை நிறுத்தி வைத்தார்கள். நிதி உதவி அலுவலகத்துக்குப் போன் செய்தால், அரை மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, "அது டிஸ்க்ளோஷரில் (கடன் விவரப் பத்திரத்தில்) இருக்கிறதே" என்றார்கள். இருந்தது, பதினோராம் பக்கத்தில். என் ஒன்றரை ஸ்டார் அந்த அரை மணி நேரத்துக்கு.

இனி வருபவர்களுக்கு இதைவிடச் சிக்கல். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி 2026 ஜூலை 1 முதல் புதியவர்களுக்கு கிராட் பிளஸ் கிடையாது. சாதாரண முதுகலை மாணவர்களுக்கு அந்த வருடத்துக்கு 20,500தான், மொத்தத்தில் ஒரு லட்சம். "புரொஃபஷனல்" படிப்பு என்று எண்ணப்படுபவர்களுக்கு மட்டும் வருடத்துக்கு 50,000. 2025 நவம்பரில் கல்வித் துறையின் குழு ஒத்துக்கொண்ட பட்டியலில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் எல்லாம் இருக்கின்றன, இறையியல்கூட இருக்கிறது, நர்சிங் இல்லை. நர்சிங் சங்கங்கள் கொதித்துப் போயின. அரசியலை விடுங்கள், கணக்கைப் பாருங்கள்: என்னுடையது மாதிரி 84,000 டாலர் படிப்புக்கு இரண்டு கல்வியாண்டில் அரசுக் கடன் 41,000, மீதி 43,000 கையிலிருந்தோ தனியார் வங்கியிலிருந்தோதான்.

அப்போ மாஸ்டர்ஸுக்குப் பதில் நர்சிங்கில் இரண்டாவது பேச்சலர்ஸ், அதாவது ஏ.பி.எஸ்.என்.? அது 11 முதல் 18 மாதம். டியூஷன் பல இடங்களில் குறைவு, அரசுக் கல்லூரி என்றால் நன்றாகவே குறைவு. ஆனால் அங்கே அரசுக் கடன் வருடத்துக்கு 12,500தான், ஏற்கெனவே ஒரு டிகிரி இருப்பதால் (நம் ஊர் டிகிரியும் சேர்த்தி) பெல் கிராண்ட் என்ற, திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவி கிடையாது. இலவசப் பணம் என்று பார்த்தால் அரசின் நர்ஸ் கோர் ஸ்காலர்ஷிப்தான்: டியூஷனும் மாதப் படியும் கொடுத்து, முடித்த பிறகு ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை செய்யச் சொல்வார்கள். கிரீன் கார்டு இருந்தால் போதும். எனக்கு அது தெரிய வந்தபோது அந்த வருடக் கெடு முடிந்திருந்தது, என் சோம்பேறித்தனம்தான்.

படிப்பைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நர்சிங்) பேராசிரியை முப்பது வருடம் வார்டில் நின்றவர். முதல் கிளினிக்கலில் ஒரு முதியவருக்கு ஐ.வி. போட வரும்போது என் கை நடுங்கியது, அவர் என் முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கிக்கொண்டு நோயாளியிடம் பேஸ்பால் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஊசி ஏறியதும் கையை எடுத்தார், என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சிமுலேஷன் லேபும் அருமை, இருமும் பொம்மை, வாந்தி எடுக்கும் பொம்மை எல்லாம் இருக்கிறது. மனநல கிளினிக்கல் மட்டும் படு மோசம், இடம் கிடைக்காமல் பாதி நாள் வீடியோ பார்க்க வைத்தார்கள்.

நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வை ஜனவரியில் எழுதினேன். 200 டாலர், 85 முதல் 150 கேள்வி வரைக்கும் போகலாம், ஐந்து மணி நேரம். எனக்கு 85ல் திரை நின்றுவிட்டது. பாஸா ஃபெயிலா தெரியாமல் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதேன், இரண்டு நாள் கழித்துத்தான் நிம்மதி.

இப்போது நோயாளிகளின் இதயத் துடிப்பை மானிட்டரில் கவனிக்கும் டெலிமெட்ரி யூனிட்டில் நைட் ஷிப்ட். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த பெண் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி முடித்தவள், 24 வயது. அதே என்க்ளெக்ஸ், அதே ஆர்.என். (ரெஜிஸ்டர்டு நர்ஸ்) லைசென்ஸ், மணிக்கு அதே சம்பளம், பட்டத்துக்காக எனக்கு ஒரு டாலர் 25 சென்ட் மட்டும் கூடுதல். அவள் கடன் பூஜ்யம். கல்லூரி வெபினாரில் "மாஸ்டர்ஸ்" என்ற சொல்லை உச்சரித்த விதத்தில் நான் என்னவோ நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதித் தரும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடுவேன் என்று அரைகுறையாக நம்பியிருந்தேன். ஆகவில்லை. அதற்குத் தனியாகப் படிக்க வேண்டும். யேல் மாதிரி சில இடங்களில் மூன்று வருடத்தில் அதுவரை கொண்டுபோகும் படிப்பு இருக்கிறது, கொலம்பியாவின் 15 மாதப் படிப்பு என்னுடையது மாதிரி ஆர்.என். வரைக்கும்தான். எது எங்கே நிற்கிறது என்று டெபாசிட் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே, அவசரம் இல்லாதவர்கள், சின்னக் குழந்தை இருக்கிறவர்கள், கம்யூனிட்டி காலேஜ் வழியில் போங்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு பல ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என்.னுக்கு, அதாவது நர்சிங் பேச்சலர்ஸுக்கு, உதவித் தொகை தருகின்றன. நியூயார்க்கில் வேலை என்றால் அங்கே 2017 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடிக்க வேண்டும், அதையும் மனதில் வையுங்கள். என்னை மாதிரி 40 நெருங்குகிறது, ஒரே மூச்சில் முடித்தாக வேண்டும், கடனையும் தாங்க முடியும் என்பவர்களுக்கு மட்டும் இந்த 16 மாதம். எங்கள் ஆஸ்பத்திரி லாபநோக்கற்றது என்பதால் 120 தவணை கட்டினால் மீதி அரசுக் கடன் தள்ளுபடி ஆகும் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். இதுவரை மூன்று கட்டியாகிவிட்டது.

எடிசன் பக்கம் யாருக்காவது பார்மகாலஜி, மெட்-சர்ஜ் புத்தகங்கள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன், மஞ்சள் மார்க்கர் கோடுகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்க்ரப்ஸ் (நர்ஸ் சீருடை) மட்டும் தர முடியாது, நெஞ்சில் கல்லூரி லோகோ தைத்திருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டுதான் தினமும் சாம்பார் தாளிக்கிறேன்.