இணையத் தாமதம்: முதலில் கேபிளா, டிசிபி அமைப்பா?

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் ஃபைபர் முனைப்பெட்டி பெரும்பாலும் வரவேற்பறையில் இருப்பதால், படுக்கையறைக் கணினிவரை ஈதர்நெட் கேபிள் சுவரோரமாகவும் கதவிடுக்கு வழியாகவும் நசுங்கிச் செல்ல நேர்கிறது. இணையம் மந்தமானால் அந்தக் கேபிளைப் பார்ப்பதா, டிசிபி (TCP, கணினிகள் தரவை விடுபடாமல் பரிமாறும் நெறிமுறை) அமைப்புகளை மாற்றுவதா என்று கேட்டால், முதலில் கேபிளைத்தான் என்பேன்.

கிகாபிட் இணைப்புக்குக் கேபிளுக்குள் இருக்கும் 4 கம்பி இணைகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலே இணைப்பு பல சமயம் 100 மெகாபிட்டுக்கு இறங்கி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முனையில் முழு டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பிப் பெறும் முறை) என்று கையால் நிலைநிறுத்தி, மறுமுனையைத் தானியங்கித் தேர்வில் விட்டால், அந்த மறுமுனை அரை டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய் மோதல்களும், தரவு சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழைகளும் பெருகும். சிறு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனை நன்றாகவே தெரிந்தாலும், பெரிய கோப்பை அனுப்பும்போது வேகம் சரிந்துவிடும். நெட்வொர்க் கார்டின் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கையில் டிசிபியில் எதை மாற்றியும் பயனில்லை.

பிழை எண்ணிக்கை அசையாமல் இருந்து, சிறு கோரிக்கைகள் மட்டும் சொல்லிவைத்தாற்போல் 40 அல்லது 200 மில்லிசெகண்ட் தயங்கினால், அப்போது டிசிபியைச் சந்தேகிக்கலாம். சிறு பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்ப ஜான் நேகிள் 1984இல் முன்வைத்த முறையும், பெறும் கணினி ஒப்புகையை (தரவு கிடைத்தது என்ற பதிலை) தாமதிக்கும் வழக்கமும் ஒன்றுக்கொன்று காத்திருப்பதால் விளைவது அது. நேகிள் முறையை அணைக்கும் நோடிலே (TCP_NODELAY) தெரிவு இதைத் தீர்க்கும், ஆனால் அது பொதுவாக நிரலை எழுதியவர் கையில் இருக்கிறது. தொலைதூர சர்வர்களுக்கோ, சாளரத்தை, அதாவது ஒப்புகை வருமுன் அனுப்பக்கூடிய தரவின் அளவைப் பெரிதாக்கும் சாளர விரிவாக்கமே முக்கியம்: அது அணைந்திருந்தால், 200 மில்லிசெகண்ட் சுற்று நேரத்தில் (தரவு போய்ப் பதில் திரும்பும் நேரம்) 65,535 பைட் சாளரம் நொடிக்கு ஏறத்தாழ 2.6 மெகாபிட்டுக்கு மேல் தராது.