சிரம்பானுக்குச் செல்வதா, சபையிலேயே கூடிப் படிப்பதா?

இறையியலைத் தொடர்ந்து கற்க விரும்பும் கோலாலம்பூர்த் தமிழ்ப் போதகர்களுக்கும் சபையாருக்கும் இரண்டு வழிகள் உண்டு: 1979-இல் தொடங்கப்பட்டு இன்று சிரம்பானில் இயங்கும் செமினாரி தியோலோஜி மலேசியா போன்ற கல்லூரியில் தங்கிப் படிப்பது ஒன்று, 1963-இல் குவாத்தமாலாவில் பிரஸ்பிட்டேரியன் சபையார் தொடங்கிவைத்த விரிவாக்க இறையியல் கல்வி முறைப்படி, பாடத்தை வீட்டில் படித்துவிட்டு வாரந்தோறும் சிறு குழுவாகக் கூடுவது மற்றொன்று.

கல்லூரியில் நூலகம் கைக்கெட்டும். கிரேக்கச் சொல் ஒன்றில் தடுமாறுபவர் உடனே ஆசிரியரிடம் கேட்டுத் தெளியலாம். குழுவுக்கு அந்த வசதி இல்லை.

ஆயினும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக் குழு ஒன்றில், இரவுப் பணி முடித்துக் காவலர் சீருடையோடே வந்த அண்ணன் ஒருவர், துன்பத்தைப் பற்றிப் பேசும் வேதாகம நூலான யோபு குறித்த பாடத்திற்குத் தாம் எழுதியிருந்த விடையை அடித்துவிட்டு, அந்த வாரம் துக்கம் விசாரிக்கச் சென்ற வீட்டில் வாயடைத்து அமர்ந்திருந்ததைச் சொன்னபோது, பாடம் அங்கேயே உயிர்பெற்றது. வேலையையும் குடும்பத்தையும் விடமுடியாத இத்தகையோருக்குக் குழுவே ஏற்றது. ஆனால் வழிநடத்துநர் விடைகளைச் சரிபார்ப்பதோடு நின்றுவிட்டால் அது வெறும் பயிற்சித்தாள் வகுப்பாகிவிடும்.

போதகர்களைப் பொறுத்தவரை நான் சிரம்பானையே பரிந்துரைப்பேன். ஞாயிறுதோறும் பிரசங்கிப்பவருக்கு வேதாகமத்தின் மூல மொழிகளும் ஆழ்ந்த வாசிப்பும் தேவை. அதற்கான விடுப்பையும் கட்டணத்தையும் சபையே தர வேண்டும்.