சம்பா அறுத்த வயலில் அடுத்து எது: உளுந்தா, பருத்தியா, எள்ளா, கோடை நெல்லா?

மார்கழிக் கடைசியில் எங்கள் காவிரி டெல்டாப் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேச்சுதான். "போன வருஷம் பருத்தி போட்டவன் பொழைச்சான், இந்த வருஷம் நானும் பருத்திதான்" என்பார் ஒருவர். "பருத்தி போட்டு மழையில நனைஞ்சு நின்னதை நான் பாத்தேன், பேசாம உளுந்தை வீசிட்டு வீட்டுல உக்காரு" என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே விலையை வைத்துத்தான் பேசுவார்கள். என் கணக்கில் விலை மூன்றாவது கேள்வி. சம்பா நெல் எந்தத் தேதியில் அறுவடைக்கு வரும் என்பது முதல் கேள்வி. மேட்டூர் அடைத்தபின் உங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது.

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் அடைபடும். அதற்குப் பிறகு வாய்க்காலில் வருவதை நம்பி எதையும் விதைக்க முடியாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம், போர்செட் (ஆழ்துளைக் கிணறு), கோடை மழை, இவ்வளவுதான் கையிருப்பு. இந்த மூன்றில் எது உங்களிடம் இருக்கிறது என்பதை வைத்துப் பயிரைப் பாருங்கள்.

விலையையும் சொல்லிவிட்டே மேலே போகலாம். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு: உளுந்து 7,800 ரூபாய், பச்சைப்பயறு 8,768, எள் 9,846, நடுத்தர இழைப் பருத்தி 7,710. சன்னரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து 2,545. இது அறிவித்த விலை. களத்துக்கு வரும் வியாபாரி சொல்லும் விலை வேறாக இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

உளுந்து: சேறு சொல்லும் நாளில் வீச வேண்டும்

போர் இல்லாத வீட்டுக்கு உளுந்தை விட்டால் வேறு வழி அநேகமாக இல்லை. உழவு கிடையாது, பாய்ச்சல் கிடையாது, அடியுரம் கிடையாது. நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையை வீசுகிறோம். 65, 70 நாளில் கைக்கு வந்துவிடும். இவ்வளவு மலிவான பயிர் வேறு எது? ஆனால் அந்த மலிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. வீசும் நாள் தப்பவே கூடாது.

தை முதல் வாரத்திலிருந்து மாசி பிறக்கும் வரை, அதாவது ஜனவரி மூன்றாம் வாரம் தொடங்கிப் பிப்ரவரி இரண்டாம் வாரம் வரைதான் விதைக்கும் பட்டம். அதற்குள் மண் மெழுகுப் பதத்துக்கு வந்திருக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்துக்குள் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். தடமே பதியவில்லையென்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும், வயல் மொட்டைத் தலையில் முடி முளைத்த மாதிரி நிற்கும். ஆள் வைத்து அறுப்பதாக இருந்தால் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் வீசலாம். மெஷின் அறுவடை என்றால் அவ்வளவு முன்னால் போகக் கூடாது. முளைத்து மேலே வந்த செடி சக்கரத்தில் நசுங்கிவிடும். நாலைந்து நாள் முன்னால் வீசி, விதையையும் ஏக்கருக்கு 10 கிலோவுக்குப் பதில் 12 கிலோவாகக் கூட்டிக்கொள்ளுங்கள். டயர் வண்டியைவிட பெல்ட் வண்டி தேவலை.

பலரும் மறக்கிற ஒன்று வைக்கோல். மெஷின் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோல் வரிசையின் அடியில் உளுந்து வெளுத்துக் கிடந்து செத்துவிடும். கட்டுப் போடும் வண்டி எப்போது வரும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அறுத்து ஒரு வாரம் கழித்து அந்த வண்டி வந்தால், மெஷின் மிச்சம் வைத்ததை அது மிதித்து முடிக்கும். நான் ஒரு வருடம் இதில் கால்வாசி வயலை இழந்தேன். வைக்கோல் விற்ற காசு விதைச் செலவுக்குக்கூடக் காணவில்லை.

ரகத்தில் நெல் தரிசுக்கென்றே, அதாவது நெல் அறுத்த வயலுக்கென்றே, வந்தது ஆடுதுறை 3. மஞ்சள் தேமல் நோய் ஒவ்வொரு வருடமும் வந்து தொலைக்கிற ஊர் என்றால் வம்பன் 8 பாருங்கள், தேமலைத் தாங்கும். விதையை ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தோடு ஆறிய அரிசிக் கஞ்சியில் பிசைந்து நிழலில் உலர்த்தி, அன்றைக்கே வீசுங்கள். வீசியபின் நம்மால் செய்ய முடிவது டி.ஏ.பி. உரத் தெளிப்பு ஒன்றுதான், அதையும் பாதிப் பேர் செய்வதில்லை. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, காலையில் தெளிந்த நீரை மட்டும் வடித்து, 200 லிட்டராக்கிப் பூக்கும்போது ஒரு தரம், பதினைந்து நாள் கழித்து ஒரு தரம் அடிக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு அடியுங்கள்.

நெல் தரிசில் ஏக்கருக்கு 2 குவிண்டால் எடுத்தாலே நல்ல மகசூல். ஆதரவு விலையில் 15,600 ரூபாய். பார்ப்பதற்குச் சின்னத் தொகைதான், ஆனால் செலவும் அந்த அளவுக்குச் சின்னது. அதோடு வீட்டு இட்லிக்கு வருடம் முழுக்க உளுந்து, மாட்டுக்குப் பொட்டு, அடுத்த நெல்லுக்கு வேர் முடிச்சு விட்டுச் செல்லும் தழைச்சத்து. இவற்றை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் எழுதுவதில்லை.

பச்சைப்பயறுக்கு விலை கூடுதலாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். பயறு ஒரேயடியாக முற்றாது. இரண்டு மூன்று தரம் காய் பறிக்க வேண்டும். பறிக்க வீட்டில் கை இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கூலியில் போய்விடும்.

பருத்தி: வரவு பெரிது, குறுவையைத் தின்னும்

ஏக்கருக்கு 8 குவிண்டால் என்று வைத்துக்கொண்டால் ஆதரவு விலையில் 61,680 ரூபாய். உளுந்தின் நாலு மடங்கு. இந்த எண்ணில்தான் எல்லோரும் விழுகிறார்கள். தப்பில்லை, பருத்தியில் காசு பார்த்தவர்கள் இருக்கிறார்கள். திருவாரூர், கும்பகோணம், குத்தாலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மறைமுக ஏல நாளன்று நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் நாட்களை எண்ணிப் பாருங்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஊன்றினால், முதல் எடுப்பு மே நடுவில். அதிலிருந்து ஜூலை வரை எடுப்பு இழுக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்போது உங்கள் வயலில் பருத்தி வெடித்து நிற்கும். ஆக, பருத்தி போடுகிறவர் அப்போது நடும் குறுவை நெல்லை விடுகிறார். பருத்தியின் 61,680-ஐ உளுந்தின் 15,600-ஓடு ஒப்பிடக் கூடாது. உளுந்தும் குறுவையும் சேர்ந்து தருவதோடு ஒப்பிட வேண்டும். ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை என்றால் நெல் 24 குவிண்டால், 61,080 ரூபாய். இப்போது தராசு எந்தப் பக்கம் சாய்கிறது? ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, சரியாக வராமல், ஏற்கெனவே குறுவை போடாமல் ஒரு போகச் சம்பா மட்டும் செய்கிறவருக்கு இந்த நஷ்டம் கிடையாது. போரும் இருந்தால் பருத்தி அவருக்குப் பொருத்தம். முப்போகம் பார்க்கிற வயலில் பருத்தியைக் கொண்டுபோய் வைப்பதுதான் எனக்கு விளங்காத கணக்கு.

கோடை மழை இன்னொரு தொல்லை. வெடித்த பருத்தி ஒரு ராத்திரி நனைந்தால் நிறம் போய்விடும், ஏலத்தில் ஈரத்தைக் காட்டி விலையைக் கீழே இறக்குவார்கள். காலைப் பனி உலர்ந்தபின் எடுத்து, நிழலில் காயவைத்து, கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனியாகப் பிரித்துக் கொண்டுபோனால் அதே ஏலத்தில் கூடுதலாகக் கேட்பார்கள். இதெல்லாம் ஆள் வேலை. மாவுப்பூச்சி, சாறு உறிஞ்சும் பூச்சி, காய்ப்புழு என்று மருந்துச் செலவு தனி. மே, ஜூன் வெயிலில் குனிந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். அந்த மாதங்களில் நூறு நாள் வேலையும் நடந்தால் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. எடுக்க ஆள் இல்லாமல் செடியிலேயே விட்ட பருத்தியை இரண்டு ஊரில் பார்த்திருக்கிறேன். பருத்திமார் (காய்ந்த செடி) அடுப்புக்கு ஆகும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

எள்: மணற்பாங்கான வயலுக்கு மட்டும்

களிமண் வயல்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். எள்ளுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது. ஒரு நாள் நின்றாலே செடி வாடும். ஆற்றோரப் படுகை, மணல் கலந்த மேட்டு வயல், ஒன்றிரண்டு தண்ணீர் தர முடிகிற போர், இவை இருந்தால் மாசிப்பட்டத்து எள் நல்ல பயிர். ஏக்கருக்கு 2 கிலோ விதைதான். அதைக் காய்ந்த மணலோடு நாலு பங்கு கலந்து தூவ வேண்டும். "கொள்ளுக்கு ஓர் உழவு, எள்ளுக்கு ஏழு உழவு" என்பது சும்மா சொன்னதில்லை. சின்ன விதை, கட்டி உடையாத மண்ணில் மேலே வராது. பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் நெருக்கமான செடியைப் பிடுங்கிக் கலைத்துவிட வேண்டும். கலைக்க மனசு வராமல் நெருக்கமாக விட்டால் குச்சி மட்டும் வளரும்.

ஏக்கருக்கு 3 குவிண்டால் என்றால் 29,538 ரூபாய். 80, 90 நாளில் முடிந்துவிடுவதால் குறுவைக்கும் வழி விடும். அறுவடையில் மட்டும் கண் வேண்டும். அடிக்காய் மஞ்சளாகி, கீழ் இலை உதிரத் தொடங்கியதும் அறுத்துவிட வேண்டும். எல்லாக் காயும் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து நிலத்துக்குப் போய்விடும். வீட்டுக்கு நல்லெண்ணெய் ஆட்டிக்கொள்பவர்களுக்கு அரை ஏக்கர் எள் போதும்.

கோடை நெல்

கோடை நெல்லில் வருமானம் குறுவை அளவுக்கு உண்டு. ஆனால் அது முழுக்க முழுக்க நிலத்தடித் தண்ணீர். மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், அதனால் செலவு கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு வருடமும் போரில் கூடுதலாக ஒரு குழாய் இறக்கும்போதுதான் படும். கடலோரத்தில், வேதாரண்யம் போன்ற பக்கங்களில், உப்புத் தண்ணீர் மேலேறும் பயமும் உண்டு. தவிர, குறுவை, சம்பா, கோடை என்று நெல்லுக்கு மேல் நெல்லாக வைத்தால் பூச்சிக்கும் வருடம் முழுக்கச் சாப்பாடு. கூட்டுக்குடும்பம் மாதிரி அது அங்கேயே தங்கிவிடும். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்றும் போடாமல் விடுவதும் ஒரு வழிதான்

ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா பிந்தி, அறுவடை பிப்ரவரிக் கடைசிக்குப் போய்விட்டது, போரும் இல்லை என்றால், மண் இறுகியபின் உளுந்தைத் தூவி விதையை வீணாக்காதீர்கள். கிடை போடுங்கள். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வருவார்கள். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி, வயலில் ஆடுகளை அடைத்து, மறுநாளே ஓர் உழவு ஓட்டினால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணோடு சேரும். "ஆட்டு எரு அவ்வருஷம், மாட்டு எரு மறுவருஷம்" என்பார்கள். குறுவைக்கு யூரியா போடும்போது வித்தியாசம் கையில் தெரியும். கோடை மழை ஒன்று பெய்ததும் புழுதி உழவு ஓட்டி, பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு தூவிவைத்தால் நடவுக்கு முன் மடக்கி உழலாம்.

என் வீட்டில் நடக்கிற ஏற்பாட்டைச் சொல்கிறேன். சீக்கிரம் அறுக்கிற வயலில் உளுந்து. கடைசியாகத் தண்ணீர் வடிகிற பள்ளத்து வயலில் கிடை. போரை ஒட்டிய மேட்டுத் துண்டில் எள். பருத்தியைக் குறுவை போகாத ஒரு வயலில் மட்டும், அதுவும் நாங்களே எடுத்து முடிக்கிற அளவுக்கு. எல்லாவற்றுக்கும் பயிர்க்காப்பீடு உண்டா, கடைசித் தேதி எது என்று பொதுச்சேவை மையத்தில் விதைக்கும் முன்பே கேட்டுவிடுவோம். காப்பீட்டுத் தொகையில் நாம் கட்டும் பிரீமியம் உளுந்துக்கு ஒன்றரை சதவீதம், பருத்திக்கு ஐந்து.

இன்னொன்றையும் பக்கத்து வயல்காரரிடம் பேசிவிட்டுத்தான் முடிவு செய்கிறோம். சுற்றிலும் எல்லோரும் உளுந்து போட்டால் மாட்டைக் கட்டி வைப்பார்கள், காவல் பொதுவாகிவிடும். நடுவில் நீங்கள் ஒருவர் மட்டும் போட்டால், அறுவடை முடிந்து அவிழ்த்துவிட்ட ஊர் மாடெல்லாம் உங்கள் வயலுக்குத்தான் வரும். வேலிக்கு வலை வாங்கும் செலவில் உளுந்தின் பாதி போய்விடும், மீதிக்கு ராத்திரித் தூக்கம் போகும்.