டிஸ்கிரீட் மெத்ஸ்: பலகையில் தொடங்குவதா, பைதனில் தொடங்குவதா?

திருகோணமலையில் சின்னக் கல்லூரி ஒன்றில் கணினிப் பிள்ளைகளுக்கு டிஸ்கிரீட் மெத்ஸ், அதாவது தர்க்கம், எண்ணுதல், வலையமைப்பு போன்ற தனித்தனியாக எண்ணக்கூடியவற்றின் கணிதம், படிப்பிக்கிறேன். வகுப்பில் 14 பேர், உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவர்கள் 3 பேர்தான். பலகையில் நிறுவுவது, பைதன் என்ற நிரல்மொழியில் எழுதவைப்பது என்று இரண்டு வழியிலும் படிப்பித்துப் பார்த்துவிட்டேன்.

பலகை வழி தெரிந்ததுதானே: தர்க்கம், தொடை (கணம்), தொகுத்தறி முறை (முதல் எண்ணுக்கு நிறுவி, கே என்ற எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று காட்டுவது) என்று ஒழுங்காக நிறுவிக்கொண்டு போவது. இணைந்த கணிதக்காரருக்குச் சுகம். மற்றவர்கள் "கே-க்கு உண்மை என்று எடுத்துக்கொள்வோம்" என்றதுமே பேனையை வைத்துவிடுகிறார்கள். "நிறுவ வேண்டியதையே எடுத்துக்கொண்டால் எப்படி சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி, பலகையில் ஒரு முழு வகுப்பும் விளக்கியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

பைதனில்தான் பிடிபட்டது. தன்னைத்தானே அழைக்கும் சார்பு ஒன்றை எழுதவைத்தேன், சின்ன எண்ணுக்கு அது சரியான விடை தரும் என்று நம்பித்தானே அடுத்த வரியை எழுதுகிறாய், கே-க்கு எடுத்துக்கொள்வதும் அதேதான் என்றேன், அவ்வளவுதான். உயர்தரத்தில் ஐ.சீ.ரீ. (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்தவர்களுக்கு தர்க்கப் படலையும் (லொஜிக் கேட்) பைதனும் ஏற்கெனவே பழக்கம் என்பதால், மாறிகள் உண்மை, பொய் என்று எடுக்கும் எல்லாச் சேர்க்கையையும் நிரை நிரையாகக் காட்டும் உண்மை அட்டவணையும் சட்டென்று வருகிறது. 10 மாறிக்கு 1,024 நிரை, 20 மாறிக்கு 10 இலட்சத்தைத் தாண்டும், அதைத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தவர்கள் மறப்பதில்லை.

ஆனால் பைதன் ஒரு கெட்ட பழக்கத்தையும் தருகிறது: ஓட்டிப் பார்த்தேன், சரி வந்தது, ஆகவே உண்மை. இதை உடைக்க நான் கொடுப்பது ஒரு பழைய கணிதக் கோவை. ஒரு எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணையும் 41 ஐயும் கூட்டுங்கள். 0 முதல் 39 வரை வருவதெல்லாம் முதன்மை எண்கள். 40 இல் 1,681 வரும், அது 41 இன் வர்க்கம். 30 வரை சோதித்துவிட்டு "நிறுவியாச்சு" என்றவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

ஓட்டிப் பார்ப்பது போதாது என்று காட்ட இன்னொன்று, இங்கே பக்கத்து உப்புவெளியின் ஒழுங்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரே தடவை மட்டும் நடந்து எல்லாவற்றையும் முடிக்கலாமா? 20 ஒழுங்கை என்றால் அவற்றை நடக்கும் வரிசைகளின் எண்ணிக்கையே 19 இலக்கத்தில் வரும், ஒவ்வொன்றாய்ச் சோதிக்கும் நிரல் திணறும். ஒற்றை எண்ணிக்கையில் ஒழுங்கைகள் கூடும் சந்திகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது என்று கணிதவியலாளர் ஒயிலர் 1736 இலேயே கோனிக்ஸ்பேர்க் நகரின் 7 பாலங்களை வைத்துக் காட்டிவிட்டார். சந்திகளை எண்ணினால் போதும்.

எங்களுடையது போன்ற கலப்பு வகுப்புக்கு நான் பைதனில்தான் தொடங்குவேன், அதே வாரத்திலேயே பலகைக்கும் வந்துவிடுவேன். வகுப்பில் பாதிப்பேர் இணைந்த கணிதக்காரர் என்றால் நேரே பலகைக்குப் போங்கள். பரீட்சை தாளில்தான் எழுதவேண்டும், அதனால் கடைசி 4 வாரமும் கணினியைத் திறக்கவே விடுவதில்லை.