ஒத்தக்கடையில் ஒரு ஜெராக்ஸ் கடை

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. "நல்லபடியா எழுதுங்கம்மா, பேரு மட்டும் வேணாம்" என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டார். நியாயம்தான். நான் வக்கீல்கள் மீதான புகார்களை, வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்கையும் கவனிக்கிற பார் கவுன்சிலில் நடத்துகிற வக்கீல். அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் வக்கீல்களும் குமாஸ்தாக்களும். என் கேஸ் கட்டு அங்கேதான் தயாராகிறது என்று தெரிந்தால் மறுநாளே நாலு பேர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். மதுரை மேலூர் ரோட்டில், யானைமலை தெரிகிற இடத்தில் இருக்கிறது என்பதோடு விடுகிறேன். ஒத்தக்கடையில் யானைமலை தெரியாத கடை எது!

இதற்கு முன்னால் வேறொரு கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் மதியம் புகார் மனுவை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் நான் வீடு போய்ச் சேரவில்லை, எதிர்மனுதாரரே, அதாவது யார் மீது புகாரோ அந்த வக்கீலே போன். "என்னம்மா, நாலாவது பாராவுல என்னைய அப்பிடி எழுதியிருக்கீங்க?" மனுவில் இன்னும் கையெழுத்துகூட ஆகவில்லை. அன்றோடு அந்தக் கடைக்குக் கும்பிடு.

அமெரிக்காவில் இந்த வேலைக்கென்றே சம்பளம் வாங்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். புகாரைத் துருவுவதும் அவர்களே, வழக்கு நடத்துவதும் அவர்களே. நம்மிடம் அப்படி இல்லை. 1961-ஆம் வருஷத்து வழக்கறிஞர்கள் சட்டம், 35-ஆவது பிரிவு. மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. அதன் முன்னால் சாட்சியையும் ஆவணத்தையும் கொண்டுவந்து வைக்க வேண்டியது புகார் கொடுத்தவர் பொறுப்பு. அவர் சார்பில் நான். எனக்குத் துப்பறிய ஆள் இல்லை, ஆபீஸ் இல்லை. இருப்பது ஒரு பென் டிரைவும் இந்தக் கடையும்தான்.

டைப்பிங்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பார் கவுன்சில் புகாரைத் தமிழிலேயே கொடுக்கலாம், விதியே அனுமதிக்கிறது. நான் தமிழில்தான் கொடுப்பேன். தன் மனுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுப் போட்டுத்தான் என் கட்சிக்காரர்கள் இந்த நிலைக்கு வந்தவர்கள். இங்கே டைப் அடிக்கிற அக்காவுக்கு ஒற்றெழுத்து தப்பாது. "கொடுத்தப் பணம்" என்று நான் அவசரத்தில் எழுதியதை "கொடுத்த பணம்தானே வக்கீலம்மா?" என்று கேட்டுத் திருத்தியவர். பக்கத்துக்கு 40 ரூபாய், ஜெராக்ஸ் 2 ரூபாய். விலை மலிவு இல்லை. வேலை முடிந்ததும் என் கண்ணெதிரே ஃபைலை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுவார். பிரதி என் பென் டிரைவில் மட்டும். ஒரு வருஷத்துக்குள் புகார் முடியாவிட்டால் அது டெல்லிக்கு, அகில இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். மறுபடி அதே கட்டோடு அதே கடை.

இனி கோடு கதை. ஊரும் வருஷமும் வேண்டாம், வழக்கு முடிந்தது.

ஒரு பாட்டி வந்தார். நிலத் தாவா. கையில் கட்டு இல்லை. மஞ்சள் பையில் நாலைந்து ஜெராக்ஸ் மட்டும். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் கட்டைக் கொடுக்கவில்லையாம். (அப்படிப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. பாட்டிக்கு யார் சொல்வார்கள்?) பைக்குள் வக்கீல் எழுதிக் கொடுத்த பண ரசீது ஒன்று, "உனக்கு ஸ்டே கெடச்சிருச்சு" என்று அவர் கொடுத்த கோர்ட் உத்தரவு நகல் ஒன்று. இரண்டுக்கும் இடையில் ஏழெட்டு மாதம்.

பிரதி எடுக்கக் கொடுத்தேன். அண்ணன் எதையும் படிக்க மாட்டார். தாளைத் தலைகீழாகத்தான் வைப்பார், முகத்தைத் தெருப்பக்கம் வைத்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். வலது ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேலிருந்து கீழே மயிரிழை மாதிரி ஒரு கருப்புக் கோடு. இரண்டிலும் அதே இடம்.

"டிரம்முல கீறல் விழுந்தா இப்பிடித்தாம்மா வரும். ரெண்டும் ஒரே மெஷின்ல வந்தது. நான் படிக்கல, கோட்டத்தான் பாத்தேன்."

ரசீது வக்கீல் ஆபீஸ் மெஷினில் எடுத்தது. கோர்ட் உத்தரவும் அதிலிருந்தே எப்படி வந்தது? கோர்ட் நகலை ஆபீஸில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கலாம், தப்பில்லை. கோட்டை மட்டும் காட்டினால் குழு சிரிக்கும். வக்கீல் மீதான குற்றச்சாட்டை லேசான சாட்சியத்தில் நிறுத்த முடியாது. சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கு. ஆனாலும் அந்தக் கோடு என்னைச் சும்மா விடவில்லை. உத்தரவில் இருந்த வழக்கு நம்பருக்கு, சான்றிட்ட நகல் கேட்டு கோர்ட்டில் காப்பி அப்ளிகேஷன் போட்டேன். அந்த நம்பர் யாரோ ஒருவருடைய வாடகை வழக்கு. பாட்டியின் தாவா, வக்கீல் ஆஜராகாமல் எப்போதோ டீஃபால்ட்டில் தள்ளுபடி ஆகியிருந்தது. குழுவின் முன்னால் வைத்தது சான்றிட்ட நகல்களை மட்டும்தான். கோட்டைப் பற்றி எந்தத் தாளிலும் ஒரு வரி இல்லை.

குறைகளும் உண்டு. ஸ்பைரல் பைண்டிங் இங்கே செய்யாதீர்கள். ராத்திரி பாண்டியன் ரயிலில் கொண்டுபோய், மெட்ராஸில் கட்டைப் பிரித்தபோது 31-ஆம் பக்கத்திலிருந்து 38 வரை தனியே கழன்று வந்தது. நூல் கோத்துத் தைக்கச் சொல்லுங்கள், அது இரும்பு. ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை கடை சாத்தியிருக்கும், கோர்ட்டே தீப்பிடித்தாலும் திறக்க மாட்டார். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் டோனர் டப்பா. வாட்ஸ்அப் உரையாடலைப் பிரிண்ட் எடுத்தால் தேதி, நேரம் தெரியாமல் ஓரம் வெட்டிவிடுவார்கள். கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். சாட்சியமே அந்தத் தேதிதான்.

ஒரு பக்கம் விட்டுப்போனால் இந்த அண்ணன் மீது நான் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். வக்கீல் மீது போக முடியாது; 2024 மே 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று. அதைப் படித்துக் காட்டியபோது அண்ணன், "அப்ப நாந்தான் மாட்டுனேனா?" என்றார்.

போன மாதம் சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைக்குப் போனேன். கவுன்ட்டரில் எதிர்மனுதாரரே நிற்கிறார், பதில் மனுவைப் பிரதி எடுத்துக்கொண்டு. அவர் முழங்கைக்குக் கீழே, பழைய பேப்பர் போட்டு மூடியிருப்பது என் கட்டு. அண்ணன் என்னை முன்பின் பார்க்காதவர் போல நிமிர்ந்து, "என்னம்மா, ஆதாரா?" என்றார். ஆமாம் என்று ஆதார் கார்டை எடுத்து நீட்டினேன். ஜெராக்ஸ் எடுத்தார். 2 ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கட்டு ஏழு மணிக்கு மேல் கைக்கு வந்தது.

மறுநாள் சும்மா போட்டுப் பார்த்தேன். "ஏண்ணே, பதில் மனு எத்தனை பக்கம் இருக்கும்?"

"ஒங்க ஏரியாவுல நேத்து கரண்ட் கட்டாம்மா?" என்று கேட்டுவிட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பி மெஷினில் வைத்தார்.