ஸ்டார்ட் ஆகாத காரும் இம்மொபிலைசரும்: பத்தாண்டுக்கும் மேலான பயன்பாட்டு அனுபவம்

2013-இல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றைச் சென்னையின் மேற்குப் புறநகரில் இன்று வரை ஓட்டி வருகிறேன். எஞ்சின், கியர்பாக்ஸ், ஏசி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லும்படியான குறை எதுவும் இல்லை. இந்தக் காரை நின்ற இடத்திலேயே நிற்க வைத்த கோளாறுகளில் பெரும்பாலானவை, சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓட விடாத திருட்டுத் தடுப்புக் கருவியான இம்மொபிலைசர் தொடர்பானவை, அல்லது இம்மொபிலைசர் மீது பழி விழுந்தவை. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் நன்றாக இருக்கும் ஈசிஎம்மை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை) மாற்றும் நிலைக்கு உரிமையாளர்கள் தள்ளப்படுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தப் பகிர்வை அந்த ஒரு பகுதிக்கு மட்டுமே ஒதுக்குகிறேன்.

சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள், பேட்டரி தேவைப்படாத ஒரு சிறிய டிரான்ஸ்பாண்டர் சிப் இருக்கிறது. சாவி நுழையும் துளையைச் சுற்றி வளையமாக ஒரு கம்பிச் சுருள் (காயில்) பொருத்தப்பட்டிருக்கும். சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும் அந்தக் காயில் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்க, சிப் அந்தப் புலத்திலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைத் திருப்பி அனுப்புகிறது. இம்மொபிலைசர் பெட்டி அதைச் சரிபார்த்து ஈசிஎம்முக்குத் தெரிவித்த பிறகே பெட்ரோலும் ஸ்பார்க்கும் தொடர்ந்து கிடைக்கும். கதவைத் திறக்கும் ரிமோட் இதிலிருந்து முற்றிலும் வேறான சர்க்யூட். அதற்குள் இருக்கும் சிஆர்2032 போன்ற பேட்டரி தீர்ந்துபோனால் கதவு திறக்காதே தவிர, சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் காரில் எஞ்சின் ஓடுவதற்கு அதனால் எந்தத் தடையும் இல்லை. ஸ்டார்ட் ஆகாத காருக்கு முதல் வேலையாக ரிமோட் பேட்டரியை மாற்றச் சொல்வது பரவலாக இருக்கும் தவறான ஆலோசனை.

கோளாறு எங்கே என்பதைக் கார் தானே சொல்லிவிடுகிறது. டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவில் இருக்கும் சிறு விளக்கைப் பார்த்தால் போதும். என் காரில் சாவியை ‘ஆன்’ செய்ததும் அது சில விநாடிகள் எரிந்து அணைந்தால் சாவி ஏற்கப்பட்டது என்று பொருள். விடாமல் மினுக்கினால் ஏற்கப்படவில்லை. விளக்கின் நடத்தை கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால், கார் நல்ல நிலையில் இருக்கும்போதே உரிமையாளர் கையேட்டைப் பிரித்து இந்த ஒரு பக்கத்தைப் படித்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த அடையாளம் எஞ்சினின் ஒலி. செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் போவது, அல்லது பிடித்து ஓரிரு விநாடிகளில் அணைந்துவிடுவது ஆகிய இரண்டும் இம்மொபிலைசர் கோளாறின் வழக்கமான முகங்கள். செல்ஃபையே சுற்ற விடாமல் தடுக்கும் கார்களும் உண்டு. ஆனால் ‘டிக் டிக்’ என்ற ஒலி மட்டும் வந்தால் சந்தேகம் முதலில் பேட்டரி மீதுதான் விழ வேண்டும்.

பேட்டரியைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதன் நிலை ஐயத்துக்குரியது. அப்படிச் சரியும் நொடியில் இம்மொபிலைசர் பெட்டி அணைந்து மீண்டும் எழுந்துகொள்ளக்கூடும். விளக்கும் தாறுமாறாக மினுக்கும். பார்ப்பவர் சாவியைக் குறை சொல்வார். டெர்மினலைத் துடைத்து, நல்ல பேட்டரி ஒன்றை இணைத்துப் பார்க்காமல் வேறு எதையும் கழற்ற அனுமதிக்காதீர்கள்.

உண்மையான இம்மொபிலைசர் கோளாறு என் காரில் முதன்முதலில் வந்தது சாவியின் உறை உடைந்து புதிய உறை போட்ட அன்றுதான். சாவிக் கடையில் பிளேடையும் ரிமோட் போர்டையும் அழகாக மாற்றிக் கொடுத்தார்கள். கதவு திறந்தது, ரிமோட்டும் வேலை செய்தது. எஞ்சின் மட்டும் பிடித்தவுடன் அணைந்தது, விளக்கு மினுக்கியது. வீட்டிலிருந்த இரண்டாவது சாவியைப் போட்டதும் எந்தச் சிக்கலும் இல்லாமல் ஓடியது. கார் நலம், கோளாறு சாவியில் என்பது அந்த ஒரு சோதனையிலேயே முடிவாகிவிட்டது. கடைக்குத் திரும்பிப் போய்ப் பழைய உறையை வாங்கிப் பிளந்து பார்த்தால், மூலையில் உள்ள ஒரு சிறு குழிக்குள் பசையோடு ஒட்டியபடி, அரிசி மணியைவிடச் சற்றே பெரிய கறுப்புத் துண்டு ஒன்று கிடந்தது. அதுதான் சிப். ரிமோட் போர்டோடு சேர்ந்தே சிப் இருக்கும் சாவிகளும் உண்டு, இப்படித் தனியே ஒட்டப்பட்டவையும் உண்டு. உறை மாற்றக் கொடுப்பவர்கள் பழைய உறையைக் குப்பையில் போட விடாமல் கேட்டு வாங்கி வந்துவிட வேண்டும்.

இரண்டாவது கோளாறு இவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் தேங்கிய நீர் காருக்குள் தரைவிரிப்பு வரை ஏறியது. இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைக் காயவைத்து, எண்ணெய்கள் அனைத்தையும் மாற்றிய பிறகு கார் சில ஆண்டுகள் குறையின்றி ஓடியது. பின்னர் மழைக்காலங்களில் மட்டும் காலையில் விளக்கு மினுக்கத் தொடங்கியது. பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாதது போல ஓடும். வெயில் ஏறிவிட்டால் கோளாறு தலைகாட்டாது. பட்டறைக்கு எடுத்துச் செல்லும்போதெல்லாம் கார் நன்றாகவே இருக்கும் என்பதால், ஒரு பட்டறையில் ‘ஈசிஎம் போயிடுச்சு சார்’ என்று முடிவுகட்டிப் பெருந்தொகைக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். பழைய வாகனப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஈசிஎம் ஒன்றை வாங்கிப் போட்டால் செலவு குறையும் என்று வேறு சிலர் சொன்னார்கள். வேறொரு காரின் ஈசிஎம், அந்தக் காரின் இம்மொபிலைசரோடு இணைக்கப்பட்ட ரகசியக் குறியீட்டைத் தனக்குள் வைத்திருக்கும். அதை அப்படியே கொண்டுவந்து செருகினால் நம் சாவியை அது ஏற்காது. அதனால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை.

அடுத்த முறை விளக்கு மினுக்கிய காலையில், காரை நகர்த்தாமல் நின்ற இடத்திலேயே ஆராய்ந்தோம். இரண்டு சாவிகளுமே மறுக்கப்பட்டன; ஆகவே சிப் மீதான ஐயம் நீங்கியது. காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் மலிவான ஓபிடி அடாப்டரைச் செருகிக் கைபேசியில் பார்த்தபோது ஈசிஎம் உடனே பதில் சொன்னது. செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் வேகமும் திரையில் ஏறி இறங்கியது. அதில் பதிவாகியிருந்த குறியீடு யு0167, அதாவது இம்மொபிலைசர் பெட்டியோடு தொடர்பு அறுந்துவிட்டது என்ற பொதுக் குறியீடு. பி0513 வந்திருந்தால் பொருந்தாத சாவி என்ற திசையில் போயிருப்போம். இங்கே நிலைமை வேறு. எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வரவில்லை என்று நேரம் தவறாமல் பதிவு செய்து வைத்திருக்கும் ஈசிஎம்மைச் செத்துப்போனது என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்தக் கேள்விதான் பெருஞ்செலவிலிருந்து எங்களைக் காப்பாற்றியது.

எங்கள் தெருவுக்கு அருகில் தொழில் செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியைக் கழற்றி முதலில் வளையக் காயிலைச் சோதித்தார்; கம்பி அறுபடவில்லை, கப்ளரும் சுத்தமாக இருந்தது. பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை இம்மொபிலைசர் பெட்டியின் எர்த் வயரிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து, சாவியை ‘ஆன்’ செய்யச் சொன்னார். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் காட்டியது; எர்த் பாதையில் எங்கோ தடை என்று பொருள். வயரைத் தொடர்ந்துகொண்டே போனால், ஓட்டுநரின் கால் பக்கத்து பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், பாடியோடு போல்ட் போட்டு இறுக்கிய இடத்தில், எர்த் வளையம் முழுவதும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெள்ள நீர் நின்ற உயரம் அதுதான். வயரின் உறையைச் சற்று உரித்தபோது உள்ளே இருந்த செம்புக் கம்பிகளும் கறுத்துப்போயிருந்தன. கறுத்த பகுதியை வெட்டிவிட்டு, புதிய வளையத்தைச் சால்டர் செய்து, பாடியின் பெயின்டைச் சுரண்டி இறுக்கிக் கிரீஸ் தடவினார். கூலியும் பொருளும் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிந்த அந்த வேலைக்குப் பிறகு, பல மழைக்காலங்கள் கடந்தும் விளக்கு ஒருமுறைகூட மினுக்கவில்லை.

மலிவு அடாப்டரின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஈசிஎம்மில் பதிவான பொதுக் குறியீடுகளை அது படிக்கும். இம்மொபிலைசர் பெட்டிக்குள் எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன, இப்போது செருகிய சாவி அடையாளம் காணப்பட்டதா போன்ற விவரங்களுக்குக் கம்பெனி ஸ்கேனரோ அதற்கு இணையான கருவியோ தேவை. என் தேவைக்கு அடாப்டர், மல்டிமீட்டர், இரண்டாவது சாவி ஆகிய மூன்றே போதுமானவையாக இருந்தன. பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டால், பெரும்பாலான மாடல்களில் சாவியை ஸ்டார்ட் பட்டன் மீதோ கையேடு காட்டும் இடத்திலோ ஒட்டிப் பிடித்து அழுத்தினால் ஓடும். ஒரே வளையத்தில் இரண்டு கார்களின் சிப் சாவிகளைக் கோத்து வைப்பதும் சில நேரங்களில் குறுக்கீட்டை உண்டாக்கும்.

இம்மொபிலைசரையே மென்பொருள் வழியாக நீக்கித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதை அறவே ஏற்கவில்லை. அமெரிக்காவில் இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்ட ஹூண்டாய், கியா மாடல்களைத் திருடும் முறை சமூக ஊடகக் காணொளிகளால் பரவி, திருட்டுகள் பெருகி, 2023 பிப்ரவரியில் அந்நிறுவனங்கள் இலவச மென்பொருள் மேம்பாட்டை அறிவிக்க நேர்ந்தது. தெருவில் நிறுத்தும் காருக்கு இந்தக் காவல் தேவை. தவிர, கார் திருடுபோனால் காப்பீட்டு நிறுவனம் எல்லா அசல் சாவிகளையும் கேட்கும். ஆகவே இரண்டாவது சாவியையும், காரோடு கொடுத்த சாவி எண் தகட்டையும் ஆர்சி போன்ற ஆவணங்களுக்கு இணையாகப் பாதுகாக்க வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் இரண்டு சாவிகளையும் கேட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே போட்டு எஞ்சினைக் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட விட்டுப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். இரண்டாவது சாவி என்று தரப்படுவது பிளேடு மட்டும் வெட்டப்பட்ட, சிப் இல்லாத சாவியாக இருக்கலாம். அது கதவைத் திறக்கும், இக்னிஷன் பூட்டையும் திருப்பும், எஞ்சினை மட்டும் ஓட விடாது.