நிழல் ஏன் கூடவே சுற்றுகிறது?

நான் பல வருடங்களாக வைத்திருக்கும் மோஷன் கிராபிக்ஸ் (எழுத்தையும் படத்தையும் அசையவைக்கும்) மென்பொருளை வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். அது என்னவெல்லாம் செய்யும் என்பது அவருக்கே தெரியும். படத்தின் தோற்றத்தை மாற்றும் ஃபில்டர்களின் வரிசையைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஃபில்டர் பட்டியலில் மேலே இருப்பது முதலில் வேலை செய்யும்; அது தரும் படத்தின் மீதுதான் அடுத்தது கை வைக்கும். மெல்லிய வெள்ளை எழுத்துக்கு முதலில் க்ளோ (சுற்றிலும் ஒளிரவைப்பது), பிறகு ப்ளர் (மங்கலாக்குவது) போட்டால் ஒளி புகைபோலப் பரவும். இரண்டையும் இடம் மாற்றினால், ப்ளர் எழுத்தின் வெளிச்சத்தைக் கரைத்துவிடும். இவ்வளவு வெளிச்சம் இருந்தால்தான் ஒளிர வேண்டும் என்று க்ளோவுக்கு வைத்த வரம்பை மிச்ச வெளிச்சம் எட்டாது. ஒளியே காணாமல் போகும். இந்த விளையாட்டு எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை.

வெளிச்சத்தை 0 முதல் 255 வரை மட்டுமே எண்ணும் 8 பிட்டில் ஒரு ஃபில்டர் வெளிச்சத்தை ஏற்றி அடுத்தது இறக்கினால், மேகம் வெறும் சாம்பல் திட்டாக நிற்கும். 255-ஐத் தாண்டியதெல்லாம் நடுவிலேயே வெட்டுப்பட்டிருக்கும். ப்ராஜெக்டை, அதற்கு மேலான வெளிச்சத்தையும் வெட்டாமல் வைத்துக்கொள்ளும் 32 பிட்டுக்கு மாற்றியதும் மேகத்தின் மடிப்புகள் அத்தனையும் திரும்பி வந்ததைப் பார்த்து அசந்துபோனேன்.

எரிச்சல் நிழலில்தான். முதலில் மாஸ்க் (படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுவது), அடுத்து ஃபில்டர், அதற்குப் பிறகே சுழற்சி என்று இந்த மென்பொருள் கணக்குப் போடுகிறது. ஒரு பல்சக்கரத்துக்கு வலப்பக்கம் கீழே விழும்படி நிழல் ஃபில்டர் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். அரைச்சுற்றில் நிழல் இடப்பக்கம் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் எழுத்துகளின் நிழலெல்லாம் ஒழுங்காகக் கீழே கிடக்க, சக்கரத்துக்கு மட்டும் தனிச் சூரியன்!

வழி இல்லாமல் இல்லை. சுழற்சியையே ஒரு ஃபில்டராக நிழலுக்கு மேலே வைக்கலாம். சக்கரத்தைத் தனி கம்போசிஷனுக்குள் (காட்சிக்குள் வைக்கும் இன்னொரு காட்சி) சுழலவிட்டு, நிழலை வெளியே போடலாம். ஃபில்டர் பட்டியலில் சேராத லேயர் ஸ்டைல் என்ற அலங்கார வசதியில் வரும் நிழல், சுழற்சி முடிந்தபின் விழுவதால் அடம்பிடிக்காது. சக்கரத்தின் மேல் ஃபில்டரால் போட்ட துருவும் கீறலும் அதோடு சேர்ந்து சுழல வேண்டுமே, அதற்கு இந்த வரிசைதான் சரி என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிழலும் துருவும் ஒன்றா? ஃபில்டரின் பெயருக்குப் பக்கத்தில் 'சுழற்சிக்குப் பிறகு' என்று ஒரு 'டிக்' பெட்டி வைத்தால் தீர்ந்துவிடும் விஷயம் இது. பதிப்புக்குப் பதிப்பு ஐகான்களின் நிறத்தை மாற்றுகிறார்கள், இதைத் தொடுவதில்லை.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். நேற்றுதான் ஒரு கடிகாரத்தின் உட்சக்கரங்கள் முழுவதற்கும் நிழல் போட்டு முடித்தேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.